குவார்ட்டர்பேக் தேர்வு: லெம்பா பெர்த்தாமுக்கு ஒரு விளக்கம்



அமெரிக்கக் காற்பந்தில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்பவரே குவார்ட்டர்பேக். அதற்குள் 120 கிலோ ஆட்கள் நான்கு பேர் அவரைச் சாய்க்க ஓடி வந்துவிடுவார்கள். அணியில் அதிகச் சம்பளமும் அதிகத் திட்டும் இவருக்குத்தான்.

இவர்கள் தேறி வருவது கல்லூரிகளில். ஒவ்வோர் ஏப்ரலிலும் 32 தொழில்முறை அணிகள், நம்மூர் பெர்த்தாம் திடலில் பையன்கள் ஆள் பிரிப்பதுபோல, முறைவைத்து 7 சுற்றுகளில் மாணவர்களை எடுக்கின்றன. போன பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கே முதல் வாய்ப்பு. ஆகவே நாட்டிலேயே கெட்டிக்காரப் பையன் போய்ச் சேருவது நாட்டிலேயே மோசமான அணியில். பாதிப் பேர் தோற்பதற்கு இதுவே போதும்.

அதற்கு முன்பு இண்டியானாபோலிஸில் அளவெடுப்பு நடக்கும். உயரம், எடை, 40 கெஜ ஓட்டம் எல்லாம் உண்டு. கையையும் விடுவதில்லை, விரித்துவைத்து, கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறார்கள். 2020-இல் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு 9 அங்குலம்தான் வந்தது. இவ்வளவு சின்னக் கையில் பந்து நிற்காது, ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசிப்பதாக அவரே கிண்டலடித்தார். அவ்வாண்டு முதலில் எடுக்கப்பட்டவர் அவர்தான். இரண்டாவது பருவத்திலேயே அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனார்.

இரண்டு பையன்களை ஒப்பிடுவதற்கு எல்லாரும் காட்டுவது 1998. டென்னசியின் பெய்ட்டன் மேனிங்கா, வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃபா என்று நாடே பிரிந்து நின்றது. லீஃபின் கைவலு அதிகம் என்று பலர் சத்தியம் செய்தார்கள். மேனிங் முதலாவதாகவும் லீஃப் இரண்டாவதாகவும் போனார்கள். முதல் ஆண்டில் மேனிங் 28 முறை பந்தை எதிரணிக்கே எறிந்தார்; அறிமுக வீரர்களில் இன்றும் அது சாதனை. அணி ஆடிய 16 ஆட்டங்களில் 3 வெற்றிதான். லீஃபும் சொதப்பினார். அந்த ஆண்டை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே சரக்கு. பிறகு மேனிங் 5 முறை லீக்கின் சிறந்த வீரர் ஆனார். லீஃப் 25 ஆட்டங்களோடு சரி.

குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-இல் 199-வதாக எடுக்கப்பட்ட ஆள். 40 கெஜம் ஓட 5.28 நொடி, அந்த இடத்து வீரருக்கே அது மெதுவான ஓட்டம். வென்றதோ 7 பட்டங்கள். சேலத்து கிரிக்கெட் வீரர் நடராஜன் கதையிலும் தொடக்கத்தை வைத்துக் கணிக்க முடியவில்லை: 2017 ஐபிஎல்லில் 3 கோடி விலை, 2 விக்கெட், 2020-இல் யார்க்கர்களால் இந்திய அணியில் இடம்.

கல்லூரிக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. பெரிய கல்லூரியில் பையனைச் சுற்றிக் காவலாகப் பெரிய ஆட்கள். நின்று நிதானமாக எறியலாம். அடிபட்டு எழுந்த பிறகும் சரியான ஆளுக்கு எறிகிறானா என்பதே பார்க்க வேண்டியது. அதை அளக்க நாடா கிடையாது.

அமெரிக்காவின் ஞாயிறு ஆட்டங்கள் லெம்பா பெர்த்தாமில் தெரிவது திங்கள் அதிகாலை ஒரு மணிக்கு மேல். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் கண்விழித்துப் பார்க்கும் அளவுக்கு அவற்றில் ஒன்றுமில்லை.