சுருள்களின் சமத்துவம்

மின்சிகரெட்டுப் பிரியர்களாகிய மேனாட்டு மகாஜனங்களுள், கடைச் சரக்கை இகழ்ந்து, தாமே கான்தால் என்னும் சூடேற்றுக் கம்பியை 3 மில்லிமீட்டர் தண்டில் சுற்றி, ஒரே பீடத்தில் இரண்டு சுருள்களைப் பிரதிஷ்டை செய்யும் வைதிகப் பிரிவினர் சிலர் உண்டு. சம்பந்திகள் இருவருக்கும் பந்தியில் ஓர் அப்பளமும் குறையாமல் பரிமாறும் பெண் வீட்டாரைப் போல, சுற்றின் எண்ணிக்கை, கம்பியின் கனம், காலின் நீளம் ஆகிய யாவும் இரண்டிலும் அணுவளவும் பிசகாதிருக்க இவர்கள் படும் சிரமம் சாமானியமன்று. விசித்திரம் யாதெனில், பக்க இணைப்பிலுள்ள 0.5 ஓம் சுருள்கள் இரண்டுக்குச் சேர்த்து 0.25 ஓம் என்று காட்டும் தடைமானி, ஒன்று 0.4, மற்றது 0.6 என்று அநியாயமாக அமைந்தாலும், 0.24 என்று மட்டுமே முணுமுணுத்து நடுநிலை வகிக்கும். தடை குறைந்த சுருளோ, மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு மின்சக்தியை அபகரித்து, முதலில் சிவந்து, தன்னுள் செருகிய பஞ்சைக் கருக்கி, குட்டை வெளிப்படுத்திவிடும். சுருள்களுக்குள் இத்துணை சமத்துவத்தை ஸ்தாபித்த இம்மகான்கள், வலது நுரையீரல் இடதைவிடச் சற்றுப் பெரிதாயிருக்கும் அநீதியை இன்னும் கவனிக்கவில்லை. நிகோடின் ஆவியைப் பொறுத்தவரை, அவ்விரண்டுக்கும் இவர்கள் பாரபட்சமின்றியே தீங்கு இழைக்கிறார்கள்.