டிக்கியில் ஆயில் டப்பா வைத்திருப்பவர்

கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த பொள்ளாச்சி, திருப்பூர், அவினாசி, கோபி வட்டாரங்களிலும், இருபது வயதைத் தாண்டிய காரை விற்கவும் மனமில்லாமல், முறையாகப் பழுது பார்க்கவும் மனமில்லாமல், அவ்வப்போது ஆயில் ஊற்றியே ஓட்டிவரும் ஒரு வகை மனிதர் கணிசமாக உள்ளனர். இவ்வகையினரை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. காரின் டிக்கியைத் திறந்து பார்த்தால் போதும். ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் நடுவே, பாதி தீர்ந்த எஞ்சின் ஆயில் டப்பா, அடிப்பகுதி அறுக்கப்பட்டுப் புனலாகப் பதவி உயர்வு பெற்ற தண்ணீர் பாட்டில், கைப்பிடி அளவு பனியன் வேஸ்ட் ஆகிய மூன்றும் பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். பனியன் வேஸ்ட் என்பது திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளில் கழிக்கப்படும் துணித் துண்டு. கறை படிந்த கையைத் துடைக்க இதனினும் மேலான பொருளை இந்த வட்டாரத்து ஒர்க்‌ஷாப்கள் இன்றுவரை ஏற்றுக்கொண்டதில்லை.

இவர் வைத்திருப்பது பெரும்பாலும் மாருதி 800 காராகவே இருக்கும். அம்பாசிடரும் பத்மினியும் வைத்திருப்பவர்களிடையேயும் இந்தக் குணம் காணப்படுகிறது என்றாலும், அவர்கள் ‘விண்டேஜ்’ என்னும் மரியாதையை எட்டிவிட்டதால், அவர்களுடைய கார் கக்கும் புகையும் பாரம்பரியத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படுகிறது. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்பட்ட, 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டரும் கொண்ட மாருதிக்கு அந்தச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை. அது புகைந்தால் பின்னால் வருபவர் ஹாரன்தான் அடிக்கிறார்.

புகையின் காரணத்தைச் சற்று விளக்கியாக வேண்டும். எஞ்சின் ஆயில் பெட்ரோலைப் போல எரிந்து தீர வேண்டிய பொருளன்று. எஞ்சினின் அடியிலுள்ள சம்ப் என்னும் தொட்டியிலிருந்து பம்பின் வழியே மேலேறி, உராயும் பாகங்களை நனைத்துவிட்டு, மீண்டும் அந்தத் தொட்டிக்கே வடிந்து சேர வேண்டியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள மூன்று ரிங்குகளில் மேலுள்ள இரண்டும் எரியும் வாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் காக்க, மூன்றாவதான ஆயில் ரிங், வாழை இலையில் ஓடும் ரசத்தைக் கைவிளிம்பால் வழித்தெடுப்பதுபோல, சிலிண்டர்ச் சுவரில் படிந்த ஆயிலை ஒவ்வொரு முறையும் வழித்துக் கீழே தள்ளுகிறது. இந்த ரிங் தேய்ந்தாலோ, கரி அடைத்துத் தன் பள்ளத்திலேயே இறுகிக்கொண்டாலோ, சிலிண்டர்ச் சுவரே தேய்ந்து அகன்றாலோ, வழிக்கப்படாத ஆயில் மேலேறிப் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, சைலன்சர் வழியே நீலப் புகையாக வெளியேறும். மேலிருந்தும் ஆயில் இறங்கலாம். வால்வுத் தண்டைப் பற்றியிருக்கும் ரப்பர் சீல் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் கெட்டிப்பட்டு விரிசல் விட்டால், அதன் வழியே சொட்டுச் சொட்டாக எரியறைக்குள் ஒழுகும். எரியாமல் வெறுமனே வெளியே கசிவதும் உண்டு. அதற்குச் சாட்சி போர்ட்டிகோ தரையிலுள்ள கறையும், அதை மறைப்பதற்காக விரிக்கப்பட்டுள்ள சாக்கும் ஆகும்.

நல்ல எஞ்சினும் சிறிதளவு ஆயிலை எரிக்கவே செய்யும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரை செலவாவதை ஏற்கத்தக்க உச்ச வரம்பாகக் குறிப்பிடும் கார் கம்பெனிகளும் உண்டு. இச்செய்தி எவ்வாறோ இவர் காதுக்கு எட்டியிருக்கிறது. “கம்பெனிக்காரனே ஒரு லிட்டர் வரைக்கும் குடிக்கலாம்னு எழுதியிருக்கறானுங்” என்று இவர் அடிக்கடி மேற்கோள் காட்டுவார். எத்தனை கிலோமீட்டருக்கு என்னும் பகுதியை மட்டும் ஒருபோதும் சொல்வதில்லை. ஏனெனில் இவருடைய கார் அந்த ஒரு லிட்டரை முந்நூறு கிலோமீட்டருக்குள் முடித்துவிடுகிறது.

மருந்தில்லாத ஊரில் இருந்துகொண்டு இவர் இவ்வாறு அவதிப்பட்டால் அது இரக்கத்துக்குரியது. இவர் வாழ்வதோ, 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கிய ஜி.டி. நாயுடுவின் ஊரில், பழங்கார்களுக்கென்று தனி அருங்காட்சியகமும், செட்டிபாளையத்தில் பந்தயத் தடமும் கொண்ட ஊரில், 2005-இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாகப் பார்முலா ஒன் பந்தயத்துக்குச் சென்ற நாராயண் கார்த்திகேயனின் ஊரில். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பகுதிகளில் நடந்து சென்றால் பவுண்டரியையும் லேத் பட்டறையையும் கடக்காமல் நெடுந்தூரம் போக முடியாது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றே அகலமாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனையும் ரிங்கையும் பொருத்தும் போரிங் வேலையை இங்கு யாரும் அதிசயமாகக் கருதுவதில்லை.

இவருடைய துன்பத்துக்கு மூலகாரணமே இதுதான் எனலாம். வைத்தியர் ஒருவரே உள்ள ஊரில் நோயாளி விரைவில் பிழைப்பான், அல்லது விரைவில் இறப்பான்; ஊரே வைத்தியர்களாக இருக்குமிடத்தில் இரண்டும் நடப்பதில்லை. எதிர்வீட்டில் இருப்பவர் பஞ்சாலையில் மெயின்டனன்ஸ் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலையில் புகையை ஒருமுறை முகர்ந்துவிட்டு “வால்வு சீலுங்” என்று தீர்ப்பளிப்பார். மோட்டார் பம்ப் அசெம்பிளி வைத்திருக்கும் மைத்துனர், ரிங்தான் போய்விட்டது என்று பந்தயம் கட்டுவார். பேக்கரியில் டீ குடிக்க வருகிற லேத்துக்காரர், டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றாமல் எதையும் தொடக்கூடாது என்பார். இவர் மூவரையும் மதிக்கிறார். மூவரும் ஒரே கருத்துக்கு வரும்வரை காத்திருப்பதே முறை என்று கருதுகிறார். கோவையில் பொறியியல் அறிவுள்ள மூவர் ஓர் எஞ்சினைப் பற்றி ஒரே கருத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை என்பதை இவர் நன்கறிவார்.

உண்மையில் இந்த வழக்கை மலைப்பாதையே தீர்த்துவைக்கக் கூடியது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்தப் புகை கூடினால், குற்றவாளி பெரும்பாலும் ரிங். இறங்கும்போது கியரிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து வந்துவிட்டு, வளைவு முடிந்து மீண்டும் அழுத்துகையில் குப்பென்று ஒரு நீல மேகம் எழுந்தால், குற்றவாளி பெரும்பாலும் வால்வு சீல். ஏனெனில் ஆக்சிலேட்டரை விட்டதும் காற்று வரும் பாதை மூடிக்கொள்ள, எஞ்சினுக்குள் ஏற்படும் வெற்றிடம் தளர்ந்த சீலின் வழியே ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. இரவெல்லாம் நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மட்டும் புகைந்து பிறகு தெளிந்தாலும் சீலின் மீதே ஐயம் கொள்ள வேண்டும். இவருடைய கார் ஏறும்போதும் புகைகிறது, இறங்கும்போதும் புகைகிறது. இதிலிருந்து இவர் அடைந்த முடிவு, வால்பாறையில் பனிமூட்டம் அதிகம் என்பதாகும்.

மெக்கானிக் ஒருவர், இவருடைய தம்பி வயதினர், பிளக்கைக் கழற்றி ஆயிலில் நனைந்திருப்பதைக் காட்டியும் இருக்கிறார். ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து, குறைவாக இருந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியே ஒரு கரண்டி ஆயிலை விட்டு மறுபடி அளந்து, அழுத்தம் கூடியதையும் காட்டினார். விட்ட ஆயில் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைப்பதால்தான் அழுத்தம் கூடுகிறது. வால்வில் குறையிருந்தால் இந்த மாற்றம் தெரியாது. இது தெளிவான சோதனை.

“ஏனுங்ணா, எஞ்சினைக் கழட்டிப்போடலாமுங்களா? போர் பண்ணி, ரிங்கு, சீலு எல்லாம் மாத்தி, முப்பதாயிரத்துல முடிச்சுத் தந்தர்றனுங்.”

“பார்த்தீங்களா தம்பி, ஆயில் விட்டதும் அழுத்தம் வந்துருச்சுங்க. அப்ப ஆயில் விட்டா வண்டி நல்லாத்தான் இருக்குதுங்.”

இவ்விடத்தில் இவருடைய கணக்கு முறையை ஆராய்வது பொருத்தமாகும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் காருக்கு மூன்று லிட்டருக்கு மேல் ஆயில் செலவாகிறது. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்குப் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் புகையாகப் போகிறது. இரண்டு ஆண்டுச் சேமிப்பில் எஞ்சின் வேலை ஏறக்குறைய தன் செலவைத் தானே ஈட்டிவிடும். இவர் கணக்குத் தெரியாதவர் அல்லர். நூல் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறினால் ஒரு பனியனுக்கு எத்தனை பைசா கூடும் என்பதை விரல் மடக்காமல் சொல்லக்கூடியவர். ஆயினும் நானூறு ரூபாய் என்பது பாக்கெட்டிலிருந்து போவது, முப்பதாயிரம் என்பது பீரோவிலிருந்து போவது. பாக்கெட்டுக்கு ஆண்டுக் கணக்கு எழுதும் வழக்கம் இவர் குடும்பத்தில் இல்லை.

கணக்குக்கு அப்பால் கௌரவமும் ஒன்று உண்டு. பழைய கார் வியாபாரத்தில் ‘எஞ்சின் கை வைக்காதது’ என்னும் சொற்றொடருக்கு உள்ள மதிப்பு பெரிது. கம்பெனியில் பூட்டிய போல்ட்டை வேறு எந்த ஸ்பேனரும் தொட்டதில்லை என்பது இதன் பொருள். இவர் காரை விற்கப் போவதில்லை. எனினும் விற்க நேர்ந்தால் சொல்வதற்கு அந்த ஒரு சொற்றொடர் இருக்க வேண்டும் என்பதற்காக, எஞ்சின் உள்ளே தேய்ந்துகொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்கிறார்.

இடைக்கால மருந்துகள் சில உண்டு. சற்றுக் கெட்டியான 20டபிள்யூ-50 ரக ஆயிலுக்கு மாறினால், அது தேய்ந்த இடுக்குகளில் எளிதில் புகாது என்பதால் செலவு ஓரளவு குறையும். கரியால் இறுகிய ரிங் மட்டுமே குறை என்றால், கரியைக் கரைக்கும் திரவத்தைப் பிளக் ஓட்டையில் விட்டு இரவு முழுவதும் ஊறவைப்பது சில வேளை பயன் தரும். தேய்ந்த இரும்பை எந்தத் திரவமும் வளர்க்காது. இவர் இரண்டையும் செய்து பார்த்தவர். தவிர, நடுநிலையோடு சொன்னால், தவறாமல் அளவு பார்த்து ஊற்றிவரும் வரை பழைய எஞ்சின் பல ஆண்டுகள் ஓடும் என்பதும் உண்மையே. எத்தனையோ புதுக்கார்க்காரர்கள் பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் எங்கிருக்கிறது என்றே அறியாதபோது, இவர் வாரந்தோறும் டிப் ஸ்டிக் பார்க்கிறார். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி உருவி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே ஆயில் எங்கே நிற்கிறது என்று இவர் பார்க்கும் பார்வையில், தெர்மாமீட்டர் பார்க்கும் நர்சுக்கும் வாய்க்காத கவனம் இருக்கும்.

அரசாங்கத்தாலும் இவரை அசைக்க முடியவில்லை. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அக்கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தபோது, அதுவும் பீரோவிலிருந்து எடுக்கும் தொகை என்பதால் இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்பது உண்மை. கட்டிய பிறகோ, ஐந்தாண்டுக்குக் காரின் உடல்நலத்துக்கு அரசே உத்தரவாதம் தந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார். பெட்ரோல் காரின் புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளக்கப்படுகின்றனவே தவிர, புகையின் நிறத்தைக் கேட்கும் கட்டம் சான்றிதழில் இல்லை என்பதும் இவருக்கு ஆறுதல்.

இறுதியில் இவரை மாற்றியது டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு. ஆயில் டப்பா படம் போட்ட அந்த விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அது நிலையாக எரிவதற்குள் உள்ளே சேதம் தொடங்கிவிட்டிருக்கும். சம்பில் ஆயில் மிகக் குறைந்துள்ள கார் வளைவில் திரும்பும்போது, இருக்கிற ஆயிலும் ஒருபக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுவதால் விளக்கு மினுக்கும். வால்பாறைச் சாலையில் வளைவுக்கு வளைவு அது மினுக்கியதை முன்சீட்டிலிருந்த மனைவி பார்த்துவிட்டார். “ஏனுங்க, இது எதுக்குங்க எரியுது?” “ஒயர் லூசு அம்மணி.” பதினாறாவது வளைவுக்கு மேல் அம்மணி வர மறுத்துவிட்டார், வீடு திரும்பியதும் பீரோவின் சாவி அவர் இடுப்பிலிருந்து தானாகவே இறங்கியது.

எஞ்சின் வேலை முடிந்தது. மெக்கானிக் சொன்னபடி, கடைந்த சிலிண்டரும் புது ரிங்கும் ஒன்றுக்கொன்று படியும்வரை மிதமான வேகத்தில் ஓட்டினார். புகை நின்றது. எதிர்வீட்டுப் பிட்டர், பரிசோதிக்க ஒன்றும் இல்லாததால், வேறு பக்கமாக வாக்கிங் போகத் தொடங்கினார். டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலேயே நின்றது; மறுவாரமும் அங்கேயே நின்றது. இவருக்குத் தூக்கம் கெட்டது. முதலில் டிப் ஸ்டிக்கை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்று ஐயுற்று அதன் நீளத்தை அளந்தார். பிறகு பேக்கரியில் லேத்துக்காரர், கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்பின் டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் கசிந்து சம்புக்குள் இறங்கும், அப்போதும் ஆயில் அளவு குறையாமல்தான் காட்டும் என்றார். அது உண்மைதான், அப்படி நடப்பதுண்டு. மறுநாள் விடியற்காலையிலிருந்து இவர் டிப் ஸ்டிக்கை உருவியதும் வெளிச்சத்தில் பார்ப்பதில்லை. மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். பெட்ரோல் வாசம் வருகிறது என்கிறார் இவர். வரவில்லை என்கிறார் மைத்துனர். இன்னொருவர் கருத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.