செவலையா, மயிலையா, அதைச் சொல்லு

வாடா பேராண்டி. திருச்சியில எழுத்துப் பட்டறைக்குப் போயிட்டு வந்தியாமே? பெரம்பலூர்க்காரனுக்குப் பட்டறைன்னா வெங்காயப் பட்டறைதான். சின்ன வெங்காயத்தைத் தரையில படாம, காத்து உள்ள பூந்து வெளிய போற மாதிரி அடைச்சு, மேல ஓலை போட்டு மூடுவோம். காத்துக்கு வழி விடாம அடைச்சா வேர்த்து அழுகிப்போகும். உன் பட்டறையில அடைமொழியை அப்படித்தான் அடைச்சுட்டாங்க போல. நீ எழுதி வச்சிருந்த தாளைப் பாத்தேன். "எழில் கொஞ்சும், இனிமையான, ரம்மியமான மாலைப்பொழுது"ன்னு ஆரம்பிக்குது. அடேயப்பா! அந்தப் பொழுதுக்கு மூச்சு முட்டலையா?

ஒண்ணு கேக்குறேன், சொல்லு. உங்க வீட்டு மாடு கட்டுத்தறியை அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. தேடிப் போற. எதிர்ல வர்றவன்கிட்ட என்னன்னு கேப்ப? "எங்க எழில்மிகு பசுவைப் பாத்தீங்களா"ன்னா? அவன் சிரிச்சுட்டு சைக்கிளை மிதிச்சுருவான். "செவலை மாடு, நெத்தியில வெள்ளைச் சுட்டி, இடது கொம்பு முறிஞ்சது, நாலு பல்லு"ன்னு சொல்லிப் பாரு. "அட, ஏரிக்கரையில மேயுதே"ம்பான்.

மாட்டுத் தரகன் வாயைக் கவனிச்சிருக்கியா? செவலை, மயிலை, காரி, கூடுகொம்பு, விரிகொம்பு, மோழை. ஒவ்வொரு சொல்லும் சந்தையில நிக்குற நூறு மாட்டுல ஒரு மாட்டைத் தனியா பிடிச்சு இழுத்துட்டு வரும். 'அழகான மாடு'ன்னு எவனாச்சும் சொன்னான்னா அவன் விக்க வந்தவன்னு அர்த்தம். வாங்குறவன் அப்படிப் பேசமாட்டான்.

என்னமோ தாத்தன் படிக்காதவன், பொறாமையில பேசுறான்னு நினைக்காத. இந்த வழக்கைத் தொல்காப்பியர் எப்பவோ தீர்த்து வச்சுட்டாரு. ஒரு பொருளை அதோட இனத்துலேர்ந்து பிரிச்சுக் காட்டாத பண்புச்சொல்லை முன்னாடி ஒட்டுறது பேச்சு வழக்குக்கு ஆகாது, செய்யுளுக்குத்தான் ஆகும்னு கிளவியாக்கத்துல சொல்லியிருக்காரு. உரைகாரங்க 'செஞ்ஞாயிறு'ன்னு உதாரணம் காட்டுறாங்க. கருஞாயிறு, பச்சை ஞாயிறுன்னு வேற இருந்தாத்தானே செஞ்ஞாயிறுன்னு பிரிக்கணும்? இருக்குறது ஒண்ணு. பாட்டுக்காரன் பாடிக்கட்டும், அவனுக்கு அனுமதி உண்டு. நீ எழுதுறது ஏரி தூர்வாரச் சொல்லி மனு. அதுல எதுக்குடா 'செங்கதிரோன்'?

நம்ம பக்கத்துச் சாத்தனூருக்குப் போயிருக்கியே, மரம் கல்லாப் போன அந்தக் கல்மரத்தைப் பாத்துட்டு வந்து என்ன எழுதுன? 'பிரம்மாண்டமான, மெய்சிலிர்க்க வைக்கும், காலத்தை வென்ற அதிசயம்.' சரி, என்ன மரம், எம்மாம் நீளம், எங்க கெடக்குது? ஒண்ணும் காணோம். உன் மெய் சிலிர்த்த சேதி எனக்கு எதுக்கு? 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்னு நிலவியல்காரர் அதைக் கண்டு சொன்னாரு. பதினெட்டு மீட்டர் நீளம், வயசு பன்னெண்டு கோடி வருசம்ங்குறாங்க. இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலு. அரியலூர்ல சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லுல சிப்பியும் நத்தையும் கல்லாக் கெடக்குறது அதனாலதான். இதைச் சொல்லு, எனக்குத் தானா சிலிர்க்கும். நம்ம ஊரு சனங்க வச்ச பேரைப் பாரு, கல்மரம். ஊர்ல இருக்குற அத்தனை வேம்பு, புளி, பனையிலேர்ந்தும் அதைப் பிரிச்சு நிறுத்த அந்த ஒரு 'கல்' போதுமாயிருந்துச்சு.

காரைவெட்டி ஏரியும் அப்படித்தான். 2024-ல உலக ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல ஏறுச்சே, அன்னைக்கு எல்லாரும் 'வண்ணமிகு பறவைகளின் சொர்க்கம்'னு எழுதினாங்க. அங்க வர்ற ஒரு வாத்துக்குப் பேரு வரித்தலை வாத்து. தலையில ரெண்டு கறுப்பு வரி. கரையில நின்னு எது அதுன்னு நீயே கண்டுபிடிச்சுருவ. 'வண்ணமிகு'வை வச்சுக்கிட்டு எதைக் கண்டுபிடிப்ப?

இப்ப ராசேந்திர சோழன் கதைக்கு வருவோம். செயங்கொண்டத்துக்குப் பக்கத்துலதான அவரு கட்டுன கோயில். அந்தாளுக்குப் பட்டப்பேரு ஒண்ணா ரெண்டா? ஆனா நிலைச்சது எது? கங்கை கொண்டான், கடாரம் கொண்டான். செஞ்ச காரியம்தான் அடைமொழி. கங்கைக்குப் போனது தளபதிதான், ராசா கோதாவரிக் கரையில காத்திருந்து எதிர்கொண்டாருன்னு திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லுது. இருக்கட்டும். கங்கைத் தண்ணி வந்துச்சா இல்லையா? ஊரு எழும்பிச்சு, கோயில் எழும்பிச்சு, சோழகங்கம்னு ஏரியும் வெட்டியாச்சு. ஆயிரம் வருசம் ஆகியும் ஊரு பேருல அதே 'கங்கைகொண்ட' நிக்குது.

நம்ம கடைவீதி பிளக்ஸைப் பாரு. காதுகுத்துக்கு வந்த தாய்மாமன் 'தன்மானச் சிங்கம், பாசத்தின் இமயம், எங்கள் விடிவெள்ளி'. நானும் அவனைச் சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்குறேன். கூட்டுறவு சங்கத்துக் கடனைக் கட்டாம ஓடி ஒளியுற சிங்கம் அது. மூணு அடைமொழியைக் கழட்டிட்டு 'மூணு பவுன் போட்ட மாமன்'னு எழுதியிருந்தா ஊரே வாயைப் பொளந்திருக்கும். போடலை, அதான் சிங்கம்.

கல்யாணப் பத்திரிகையில திருவளர்செல்வன், திருநிறைசெல்வன்னு போடுறாங்களே, அதுல கூட ஒரு கணக்கு உண்டும்பாங்க. வளர்ன்னா அந்த வீட்ல இன்னும் கட்டிக்கொடுக்க ஆளு இருக்கு. நிறைன்னா இவனோட முடிஞ்சுது. பொண்ணு வச்சிருக்கவன் பத்திரிகையைப் படிச்சுட்டு அடுத்தவனுக்குத் தூது விடுவான். இப்ப அச்சுக்காரன் எது வசமா இருக்கோ அதை அடிச்சு விடுறான். அடைமொழி வேலையை விட்டு நின்னு ரொம்ப நாளாச்சு.

அதுக்காக மொட்டையா எழுதச் சொல்லலைடா. மண்டியில வெங்காயத்தைப் பாத்து 'பட்டறைக் காய், நல்ல காய்ச்சல், பெருவெட்டு'ம்பான். மூணு அடைதான். மூணுக்கும் தனித்தனி விலை உண்டு. உன் எழுத்துல ஒரு அடைமொழியை எடுத்தா விலை குறையுதான்னு பாரு. குறையலைன்னா அது சும்மா ஒண்டிக்கிட்டுக் கெடந்தது.

மூஞ்சியைத் தூக்காத. உன் கல்யாணப் பத்திரிகைக்கு என்ன அடைமொழி போடலாம்னு நேத்து உங்கப்பன் வந்து கேட்டான். 'வேலைக்குப் போன'ன்னு போடலாம்னு சொல்லியிருக்கேன். போடலாமாடா?