பீன்யாத் தலைகளும் நீராட்டு இடைவெளியும்: ஒரு முன்னாய்வு

தலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பது என்ற வினா எப்போதோ தீர்ந்துவிட்டது என்றே தமிழ் அறிவுலகம் நம்பி வந்திருக்கிறது. ஔவையார் ஆத்திசூடியிலேயே சனிக்கிழமைக்கு வழிசெய்துவிட்டார். பாட்டிகள் அதை விரித்து, ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று பாகம் பிரித்துக் கொடுத்தார்கள். எஞ்சிய மூன்று நாளும் தலை என்ன பாடுபட்டது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவ்வாய்வு. களம், பெங்களூரின் வடமேற்கே உள்ள பீன்யாத் தொழிற்பேட்டை.

பீன்யாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1970களில் உருவாகி இன்று ஆயிரக்கணக்கான பட்டறைகளோடு இரைகிற இந்த இடத்தில், ஒரே தெருவில் நாலு வகைத் தலை கிடைக்கும். 2014 மார்ச்சில் மெட்ரோ வந்தபிறகு தரவு சேகரிப்பும் எளிதாகிவிட்டது. ஷிப்ட் விடும் நேரத்தில் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றால், உட்கார்ந்திருப்பவர்களின் உச்சந்தலைகள் வரிசையாகக் கண்ணுக்குக் கீழே வரும். ஆய்வுக்கு உட்பட்டவர்களிடம் ஒப்புதல் பெறவில்லை. பெற முயன்றிருந்தால் ஆய்வாளர் ஜாலஹள்ளியில் இறக்கிவிடப்பட்டிருப்பார்.

அந்த நாலு வகையில் முதலாவது லேத் தலை: கூலன்ட் ஆயிலின் தூறலை நாள் முழுதும் வாங்கியது, எண்ணெய் வைக்காமலே பளபளக்கும். இரண்டாவது கிரைண்டிங் தலை, இதில் இரும்புத்தூள் உண்டு. காந்தம் வைத்துச் சோதிக்கும் திட்டம் கைவிடப்பட்டது. மூன்றாவது கார்மென்ட்ஸ் தலை, பஞ்சு படிந்து இருபத்தைந்து வயதிலேயே நரைத்த தோற்றம் தரும். நான்காவது ஹெல்மெட் தலை. சொல்லப்போனால் இது தனி வகையன்று, மற்ற மூன்றையும் மூடி வேகவைக்கும் நிலை. கர்நாடகத்தில் 2016 முதல் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயமானதால் இந்நிலை இரட்டிப்பாயிற்று.

இனி உச்சந்தலைக்குள் இறங்குவோம். சராசரித் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி; ஒவ்வொன்றின் வேரருகிலும் எண்ணெய்ச் சுரப்பி. அந்தக் கொழுப்பைத் தின்று வாழ்வது மலாசீசியா என்ற பூஞ்சை. அது எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது, வாடகை கேட்க முடியாது. தின்றபின் அது மிச்சம் வைக்கும் ஒலியிக் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் உரியும், அதுதான் பொடுகு. ஆகவே “பொடுகா, எண்ணெய் வச்சு ஊறவிடு” என்பது பூஞ்சைக்குப் பந்தி விரிப்பதாகும். எண்ணெய் தேய்த்துச் சற்றுநேரத்தில் சீயக்காய் போட்டு அலசிய பழைய முறை வேறு, ராத்திரி முழுக்க எண்ணெயோடு தலையணையைப் பாழாக்கும் புதுமுறை வேறு.

அடிக்கடி அலசினால் சுரப்பி கோபித்துக்கொண்டு இன்னும் அதிகம் சுரக்கும் என்ற கோட்பாடு பீன்யா டீக்கடைகளில் வலுவாக உள்ளது. ஆனால் சுரப்பியை ஆள்வது ஹார்மோன். நாம் குளித்தோமா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அதேபோல, “தலைக்குக் குளிச்சா கொத்துக்கொத்தா கொட்டுது” என்பதும் கணக்குப் பிழை. நாளொன்றுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு. ஆறு நாள் பாக்கியை ஞாயிற்றுக்கிழமை வடிகால் வலையில் ஒரே தவணையாக வசூலித்தால் யாருக்கும் நெஞ்சடைக்கும்.

அடுத்து “பெங்களூர் தண்ணி” கோட்பாடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர் மூன்றாம் மாதம் சீப்பைப் பார்த்துத் திடுக்கிட்டு, போர் தண்ணியைச் சபிப்பார். ஆனால் காய்ச்சல், திடீர் மெலிவு, கடும் மனக்கவலை ஆகியவை வந்தால், முடி அப்போதே உதிராமல் இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும் என்பது மருத்துவம் அறிந்தது. வீட்டைவிட்டு வந்து, நைட் ஷிப்ட் பார்த்து, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பன்னும் டீயும் என்று ஓட்டிய மாதங்களுக்கான பில் அது. உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சோப்புப் போட்டால் திப்பிதிப்பியாக ஒட்டும். ஷாம்புவும் சீயக்காயும் அப்படித் திரிவதில்லை. ஆனால் வேரைப் பிடுங்கும் வேலையை உப்புத் தண்ணி செய்ததாகச் சான்று இல்லை. பீன்யா நிலத்தடி நீரில் முலாம் பட்டறைகளின் குரோமியம் கலந்தது உண்மை. ஆனால் அது முடியை விடப் பெரிய விவகாரம், இந்த ஆய்வின் கேலிக்கு அடங்காது.

அளவை அலகான சாஷே பற்றி ஒரு சொல். தலைக்குளியலை வாரக் கிழமைகளின் பிடியிலிருந்து விடுவித்த பெருமை கடலூருக்கு உரியது. அவ்வூர்ச் சின்னிகிருஷ்ணன் பொருள்களைச் சின்னப் பொட்டலத்தில் அடைக்க வழிகண்டார். மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியே இறங்கிச் சிக் ஷாம்புவைப் பட்டிதொட்டியெல்லாம் தொங்கவிட்டார். மில்லில் சீயக்காய் அரைத்து வரக் கிழமை பார்க்க வேண்டும், சாஷே கிழிக்கப் பல் போதும். ஒட்ட வெட்டிய தலைக்குப் பாதி சாஷே மிஞ்சும். அதை மடித்துப் பாத்ரூம் ஜன்னலில் வைப்பது பீன்யா அறைகளின் பொது வழக்கம். மறுநாள் அது அங்கே இருப்பது பொது வழக்கம் அன்று.

எத்தனை முறை? ஆசியத் தலைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, வாரத்தில் ஐந்தாறு முறை அலசியவர்களே அதிகம் திருப்தியாக இருந்ததாகக் கண்டது. செய்தவர்கள் புராக்டர் அண்ட் கேம்பிள் ஆட்கள். ஷாம்பு விற்கிறவர் ஷாம்பு போடச் சொன்னால் காது கொடுக்கலாம், காசை மட்டும் மெதுவாகக் கொடுக்கலாம். அமெரிக்கத் தோல்மருத்துவ அகாதெமியோ, பிசுக்குத் தலைக்குத் தினமும்கூட ஆகும், வறண்ட முடிக்கு இடைவெளி விடுங்கள், வயதாக ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. இதன்படி லேத் தலையும் ஹெல்மெட் தலையும் ஏறக்குறையத் தினமும், கார்மென்ட்ஸ் பெண்களின் நீளக்கூந்தல் வாரம் இரண்டு மூன்று முறை அலசப்பட வேண்டும். அறிவியல் இங்கே முடிகிறது, தண்ணீர் டேங்கர் தொடங்குகிறது.

காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டு இந்நகருக்கு ஏறுகிறது. 2024 மார்ச் தட்டுப்பாட்டில், குடிநீரில் வண்டி கழுவினால், தோட்டத்துக்கு ஊற்றினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. தலை அந்தப் பட்டியலில் இல்லை. அது கருணையா, மறதியா என்று உரையாசிரியர்கள் வாதிடலாம். கன்னடர்கள் இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவானவர்கள். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு முந்தின நாள் அண்டாவில் நீர் நிரப்புவதையே அவர்கள் தனிப் பண்டிகையாக வைத்திருக்கிறார்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் தலை. நம் பாட்டிகளின் அட்டவணையில் கிழமை இருந்தது, சம்ப் எனும் நிலத்தடித் தொட்டி இல்லை.

களத்தில் கேட்ட தொலைபேசி உரையாடல் ஒன்று இதற்குச் சான்று:

“ஏண்டா, சனிக்கிழமையாச்சே, எண்ணெ வச்சிக் குளிச்சியா?”

“வண்டி வரலம்மா.”

“குளிக்கிறதுக்கு எதுக்குடா வண்டி?”

ஆகவே இவ்வாய்வின் கண்டுபிடிப்பு இது: பீன்யாவில் தலைக்குக் குளிக்கும் இடைவெளியைத் தீர்மானிப்பவை, முறையே, டேங்கர் ஓட்டுநர், வீட்டு ஓனரின் மோட்டார் ஸ்விட்ச், அம்மா. உச்சந்தலைக்கு ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு.

ஒரு சிக்கல் மேலாய்வுக்கு விடப்படுகிறது. நால்வர் தங்கும் அறையில் வழுக்கை விழுந்தவர், தமக்கு முடியில்லாததால் டேங்கர் பணத்தில் பங்கைக் குறைக்க வேண்டும் என்று வாதிடுகிறார். முடி போனாலும் எண்ணெய்ச் சுரப்பி போவதில்லை, வழுக்கையும் பிசுக்கடையும், அதுவும் கழுவப்பட வேண்டும் என்பது மருத்துவ நிலைப்பாடு. அறைத் தோழர்கள் இதை மேற்கோள் காட்டி முழுப் பங்கையும் கேட்டிருக்கிறார்கள். அவரோ முகம் கழுவும்போதே கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்வதாகப் பதில் மனு போட்டிருக்கிறார்.