ஆகஸ்ட் 15: புதுசா வந்த தம்பிக்கு நாலு புத்தி

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. செருப்பு அங்கயே கெடக்கட்டும், திருடறவனெல்லாம் இந்நேரம் ஷிப்டுக்குப் போயிருப்பான். "நாளன்னிக்கு சுதந்திர தினம், இந்த ஊர்ல எனக்கு இதான் முதல் தடவ, என்ன பண்ணணும் தாத்தா"ன்னு கேட்ட பாரு, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. உங்க ஒடிசாவுக்கு மட்டும் தனித் தேதியிலயா சுதந்திரம் வந்துச்சு? அதே 1947, அதே வெள்ளிக்கிழமைதான். ஆனாலும் நீ கேட்டதுல ஞாயம் இருக்குது. நாடு ஒண்ணா இருந்தாலும் கொண்டாடற லட்சணம் ஊருக்கு ஊரு வேற.

மொதல்ல ஊர்ப் பேரைப் பாத்து ஏமாறாத. காவேரிப்பட்டினம்னு போர்டு இருக்கும், காவேரி இருக்காது. பாலத்துக்குக் கீழ இருக்கறது தென்பெண்ணை. கிருஷ்ணகிரி அணையில தண்ணி விட்டா ஓடும், இல்லாட்டி மணல்ல படுத்துத் தூங்கும். கண்ணகி வீடு எந்தத் தெருன்னு யாரையும் கேட்டுடாத. அது கடலோரத்துல இருந்த வேற பட்டினம்.

அடுத்தது, உன்னை எவனாவது "வடக்கன்"னு கூப்பிட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நீ ஒடியாக்காரன்னு சொன்னாலும் எங்காளு உன்னை இந்திக்காரன்னுதான் சொல்லுவான். வடக்க போனா எங்க எல்லாரையும் மொத்தமா மதராஸின்னு சொல்றானே, அந்தக் கடனுக்கு இது வட்டி. அதுவும் நீ கஞ்சாம் ஜில்லாக்காரன். 1936 ஏப்ரல் 1ஆம் தேதி ஒடிசா தனி மாகாணமா ஆகற வரைக்கும் கஞ்சாம் மதராஸ் மாகாணத்துலதான் இருந்துச்சு. உன் பூட்டன் மனு எழுதியிருந்தாலும் என் பூட்டன் எழுதியிருந்தாலும் கடைசியில போய்ச் சேர்ந்த இடம் ஒரே புனித ஜார்ஜ் கோட்டை. ரெண்டு பேருக்கும் பதில் வந்திருக்காது, அது வேற விசயம். கணக்குப்படி பாத்தா நீ புதுசா வரலை, கொஞ்சம் லேட்டாத் திரும்பி வந்திருக்க.

நாங்க மட்டும் என்ன, ஆகாசத்துல இருந்தா குதிச்சோம்? 1767ல ஹைதர் அலிக்கும் வெள்ளைக்காரன் கும்பினிக்கும் நடந்த சண்டையில இந்த ஊர்க் கோட்டை கைமாறிச்சு. 1792ல திப்பு கையில இருந்து நம்ம பாரமகால் சீமை மொத்தமும் கும்பினிக்குப் போச்சு. ராஜா மாறுனாரு, கொடி மாறுச்சு, வரி மட்டும் மாறலை. இன்னிக்கும் இந்தச் சீமையில ஒருத்தன் தமிழ்ல வணக்கம் சொல்லி, தெலுங்குல விலை பேசி, கன்னடத்துல சண்டை போட்டு, உருதுவுல சமாதானம் ஆவான். அதுக்கு நடுவுல உன் அரைகுறைத் தமிழ் யாருக்கும் தெரியாது. தைரியமாப் பேசு.

இப்ப விழாவுக்கு வருவோம். விடியக்காலையில ஊரே போன்ல கொடி ஏத்திடும், ஸ்டேட்டஸ் பூரா தேசபக்தி வழியும். கம்பம் நட்ட இடத்துல நேரா வந்து நிக்கறது பன்னெண்டு பேரு, ரெண்டு நாயி. அந்தப் பன்னெண்டு பேர்ல நீ ஒருத்தனா நில்லு. புதுசா வந்தவன் சீக்கிரம் வந்துட்டான்னு ஊரு பேசும். எட்டரைன்னு சொல்லியிருந்தா எட்டரைக்கே போ, தலைவர் ஒன்பதேகாலுக்கு வருவாரு. அந்த முக்கால் மணி நேரத்தை வீணாக்காம கொடி கட்டறதப் பக்கத்துல நின்னு பாரு. அங்கதான் வித்தையே இருக்குது.

கொடியை நீளவாக்குல மடிச்சு, நடுவுல ஒரு பிடி ரோஜா இதழ் வைப்பாங்க. ஓசூர் பக்கம் ரோஜாவுக்கா பஞ்சம்? அப்புறம் உருட்டி, கயித்துல ஒரு சுருக்கு முடிச்சுப் போடுவாங்க. கீழ இருந்து வெடுக்குனு ஒரு இழுப்பு இழுத்தா முடிச்சு அவுந்து கொடி விரியணும், தலைவர் தலையில பூ கொட்டணும். கட்டறவன் பயத்துல ஒரு சுத்து கூடுதலாச் சுத்திட்டான்னு வையி, தலைவர் இழுப்பாரு, இறுகும். இன்னும் இழுப்பாரு, இன்னும் இறுகும். கம்பமே வளைஞ்சு அவருக்கு வணக்கம் சொல்லும். "மெதுவா, மெதுவா"ன்னு ஒருத்தன், "வேகமா, வேகமா"ன்னு ஒருத்தன். கடைசியில எவனாவது ஒரு பொடியன் கம்பத்துல ஏறி அவுத்து விடுவான். போட்டோவுல அவன் இருக்க மாட்டான். நீ கைதட்டறப்ப அவனைப் பாத்துத் தட்டு.

கொடிச் சட்டம்னு ஒண்ணு இருக்குது, 2002ல வந்தது. கொடியை ஏத்தறப்ப விறுவிறுன்னு ஏத்தணும், இறக்கறப்ப நிதானமா இறக்கணும்னு அதுல போட்டிருக்குது. நம்மாளு தலைகீழாப் பண்ணுவான். முன்னெல்லாம் கைத்தறியில நெய்த கொடிதான். கர்நாடகாவுல ஹூப்ளி பக்கம் பெங்கேரின்னு ஒரு ஊர், கதர்க் கொடிக்குப் பேர் போனது. 2021 கடைசியில பாலியஸ்டரும் ஆகலாம்னுட்டாங்க. 2022 ஜூலையில இருந்து வீட்டுல ராவும் பகலும் கொடி பறக்கலாம், அந்தி சாஞ்சா இறக்கணும்கற விதி போச்சு. அவ்வளவுதான், நம்ம எதிர்வீட்டுக்காரரு அன்னிக்கு ஏத்துன கொடியை இன்னும் இறக்கலை. காவி வெளுத்து, பச்சை வெளுத்து, சக்கரம் எங்கயோ உருண்டு ஓடி, இப்ப அது சமாதானக் கொடி. சேதமானதும் அலங்கோலமானதும் பறக்கக் கூடாதுன்னு அதே சட்டத்துலதான் இருக்குது. அவரு பாதி படிச்சாரு போல.

பைக்குல கொடி கட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சுப் போற பசங்களையும் பாப்ப. நீ கட்டாத. கார்ல தேசியக் கொடி பறக்க விடற உரிமை ஜனாதிபதி, பிரதமர், கவர்னர், மந்திரின்னு எண்ணி வச்ச ஆளுங்களுக்குத்தான். அன்னிக்கு ஒரு நாளு நம்ம பைபாஸ்ல போறவன் பூரா மந்திரி.

கயித்தை யாரு இழுக்கறதுங்கறதுல பெரிய அரசியல் இருக்குது, அது பக்கம் தலை வைக்காத. சென்னைக் கோட்டையிலயே அந்தச் சண்டை நடந்துச்சு. சுதந்திர தினத்துக்கும் கவர்னருதான் கொடி ஏத்திக்கிட்டு இருந்தாரு. முதலமைச்சரா இருந்த கலைஞர் கேட்டு வாங்கி, 1974ல இருந்து ஆகஸ்ட் 15 முதலமைச்சருக்கு, ஜனவரி 26 கவர்னருக்குன்னு பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. மேல இருக்கறவங்க அப்படிப் பேசித் தீத்துக்கிட்டாங்க. கீழ கிராமத்துல என்ன நெலமை தெரியுமா? பட்டியல் சாதியில இருந்து ஜெயிச்சு வந்த ஊராட்சித் தலைவரைக் கொடி ஏத்த விடணும், பாகுபாடு காட்டக் கூடாதுன்னு 2022ல தலைமைச் செயலாளரே கலெக்டருங்களுக்குக் கடுதாசி எழுத வேண்டி வந்துச்சு. சுதந்திரம் வந்து 75 வருசம் கழிச்சு எழுதுன கடுதாசி. இந்த இடத்துல எனக்கு நையாண்டி வரலை தம்பி, அடுத்ததுக்குப் போவோம்.

பாட்டு ரெண்டு உண்டு. விழா ஆரம்பிக்கறப்ப ஒலிபெருக்கியில ஒண்ணு கேக்கும், தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனாரு எழுதுனது. 2021 டிசம்பர்ல மாநிலப் பாட்டுன்னு அரசாணையே போட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நிக்கணும், 55 விநாடியில பாடணும். உனக்கு வார்த்தை தெரியாது, பரவால்ல, வாயை மட்டும் அசை. பக்கத்துல நிக்கற எங்காளும் ரெண்டாவது வரிக்கு மேல அதத்தான் பண்ணிக்கிட்டு இருப்பான். கடைசியில தேசிய கீதம், அது 52 விநாடி. அதுல காதைத் தீட்டி வச்சுக்கோ. திராவிடம்னு எங்க பேரு வரும், அடுத்த மூச்சுல உத்கலம்னு உங்க பேரு வரும். தாகூரு அந்தக் காலத்துலயே நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல நிக்க வச்சுட்டாரு. நடுவுல இருக்கற ஆந்திராக்காரன் கோவிச்சுக்கிட்டா நமக்கென்ன.

பாட்டு முடிஞ்சதும் ஓடிடாத, மிட்டாய் குடுப்பாங்க. ஒரு தடவ வாங்குனா விருந்தாளி, ரெண்டு தடவ வாங்குனா ஊர்க்காரன். பேச்சாளரு "இறுதியாக ஒன்றைச் சொல்லி"ன்னா நம்பி எந்திரிக்காத. அதுக்கப்புறந்தான் அவரு கட்டபொம்மன்ல இருந்து ஆரம்பிப்பாரு.

இனி முக்கியமான சேதி. அன்னிக்கு டாஸ்மாக் லீவு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, தேசிய விடுமுறையெல்லாம் எங்காளுக்கு ஞாபகம் இருக்கறது இந்தக் கணக்குலதான். 1947ல ஆகஸ்ட் 14 நடுராத்திரி டெல்லியில பெரிய கூட்டம் கூடுச்சுன்னு படிச்சிருப்ப. இங்கயும் 14ஆம் தேதி ராத்திரி கூட்டம் கூடும், கடை வாசல்ல. அட்டிபெலே தாண்டி கர்நாடகாவுக்குப் போயிக்கலாம்னு எவனாவது கூப்பிட்டா போகாத, அன்னிக்கு அங்கயும் கடை சாத்தியிருக்கும். ரெண்டு மாநிலமும் தண்ணி விசயத்துல ஒத்துப்போற நாளு அது ஒண்ணுதான்.

இந்த மண்ணுக்குக் கடை சாத்தறதுலயும் ஒரு பெருமை உண்டு. ஓசூருக்குப் பக்கத்துல தொரப்பள்ளின்னு ஒரு ஊரு, ராஜாஜி பொறந்தது அங்கதான், 1878ல. இந்தியாக்காரருங்கள்ல கவர்னர் ஜெனரலா இருந்தது அவரு ஒருத்தருதான். அவரு மாகாணப் பிரதமரா வந்ததும் 1937 அக்டோபர் 1ஆம் தேதி மதுவிலக்கைக் கொண்டாந்தாரு. எங்க? நாட்டுல வேற ஜில்லாவே இல்லாத மாதிரி மொதல்ல சேலம் ஜில்லாவுல! நாங்க அப்ப சேலம் ஜில்லா. சொந்த ஊர்க்காரன் பதவிக்கு வந்தா ரோடு வரும்னு பாப்பாங்க, எங்க தாத்தனுக்கு இருந்ததும் போச்சு. உங்க கஞ்சாமுக்காரங்க கெட்டிக்காரங்க, ஒண்ணரை வருசம் முன்னாடியே பிரிஞ்சு தப்பிச்சுட்டாங்க.

சுத்துப்பட்டு ஊராட்சிகள்ல அன்னிக்கு கிராம சபை கூடும். காவேரிப்பட்டினம் பேரூராட்சி, இங்க அது கெடையாது. அடுத்த ஊர்ல நடக்கறப்ப போய் ஓரமா நின்னு பாரு. உனக்கு அங்க ஓட்டு இல்ல, அதனால பேச முடியாது. ஓட்டு இருக்கறவனும் பெரும்பாலும் பேச மாட்டான். வரவு செலவைப் படிக்கறப்ப டீ வரும், எல்லாரும் டீயைப் பாப்பாங்க, கணக்கு நிறைவேறிடும்.

இவ்வளவும் சொன்னேனே, நீ கேக்க மறந்த கேள்வி ஒண்ணு இருக்குது. அன்னிக்கு உனக்கு லீவா? நேத்து உன் சூப்பர்வைசர் "15ஆம் தேதி ஜெனரல் ஷிப்ட் உண்டு"ன்னு போன்ல சொன்னது இந்தத் திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. நீ "சரி சார், சரி சார்"னு பன்னெண்டு தடவ சொன்ன. அங்கதான் கண்ணு உனக்குச் சுதந்திர தினம் வரவே இல்ல.

தமிழ்நாட்டுல 1958லயே ஒரு சட்டம் போட்டிருக்குது, தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம்னு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் சம்பளத்தோட லீவு. அதுக்கு மேல அஞ்சு பண்டிகை லீவு. அன்னிக்கு வேலைக்குக் கூப்பிட்டா ரெட்டைச் சம்பளம் குடுக்கணும், இல்லாட்டி அன்னிக்குச் சம்பளமும் குடுத்து வேற ஒரு நாள் சம்பளத்தோட மாத்து லீவும் குடுக்கணும். நீ ஒடியாவா, தமிழனா, கம்பெனி ஆளா, கான்ட்ராக்ட் ஆளான்னு அந்தச் சட்டம் கேக்கலை. அன்னிக்குத் தொழிலாளர் துறைக்காரங்க திடீர்னு ஆய்வுக்குக் கெளம்புவாங்க, அடுத்த நாள் பேப்பர்ல இத்தன கடை மேல நடவடிக்கைன்னு சேதியும் வரும். "இதெல்லாம் உனக்குப் பொருந்தாதுப்பா"ன்னு கான்ட்ராக்டர் சொல்லுவாரு. அவரு சட்டையிலயும் அன்னிக்கு மூவண்ணக் கொடி குத்தியிருக்கும், நல்லாப் பாத்துக்கோ.

எப்படிக் கேக்கறதுன்னு முழிக்காத. சண்டைக்கு நிக்காத, சலாமும் போடாத. "சார், 15ஆம் தேதி வர்றேன். ரெட்டைச் சம்பளமா, மாத்து லீவா? எதுன்னு சொல்லிட்டா ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுவேன்"னு சிரிச்சுக்கிட்டே கேளு. தனியாக் கேக்காத. உன் ரூம்ல இருக்கற ஆறு பேரும் சேர்ந்து சிரிங்க. ஒருத்தன் சிரிச்சா திமிருங்கறவங்க, ஆறு பேரு சிரிச்சா கணக்கு நோட்டைத் தேடுவாங்க. வெள்ளைக்காரனைக் கிளப்பறதுக்கு ஊரே கூடிக் கேட்டதத்தான் கொண்டாடறோம். அன்னிக்கே வாயைப் பொத்திக்கிட்டு நின்னுட்டு, கொடிக்கு மட்டும் சல்யூட் அடிச்சா அந்தக் கொடிக்கே வெக்கமா இருக்காதா?

லீவு கெடச்சா வா, பள்ளிக்கூட மைதானத்துல முன் வரிசையில நிப்போம், பொறவு நிப்பட்டும் டீயும் என் செலவு. ரெட்டைச் சம்பளம் கெடச்சா உன் செலவு. ஆனா ஒண்ணு, அந்தக் காசு கைக்கு வந்ததும் வீட்டுக்காரன்கிற முறையில எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிடு. வாடகையை ஏத்தப் போறேன்னு பயப்படாத கண்ணு. அந்தச் சட்டத்துல வாடகையைப் பத்தி ஒண்ணும் இல்லன்னு பாத்துட்டு, போன மாசமே ஏத்திட்டேன்.