மேற்படிப்பும் மேல்மாடியும்

இந்தியாவில் செவிலியர் மேற்படிப்பைப் போல் அறிவுபூர்வமான ஏற்பாடு வேறில்லை. நான்காண்டு பி.எஸ்சி., ஓராண்டுப் பணி அனுபவம், பிறகு இரண்டாண்டு எம்.எஸ்சி. குழந்தை நலச் செவிலியத்தில் தனித்தேர்ச்சி பெற்றவர் அதன்பின் குழந்தைகள் வார்டில் அல்லாட வேண்டியதில்லை. பெரும்பாலும் கல்லூரிக் கரும்பலகைதான் காத்திருக்கிறது. அறிவு முற்றியபின் நோயாளி எதற்கு? வார்டை விடமாட்டேன் என்று அடம்பிடிப்பவரை டிப்ளமோக்காரர் பக்கத்தில் அதே பணிப்பெயரில் நிறுத்துகிறோமே, அதுதான் சமத்துவம். முனைவர் பட்டம் வாங்கியவருக்கு நோயாளியைப் படத்தில் காட்டினாலே அதிகம்.

சலைன் பாட்டில் தீர்ந்தால் யார் பார்ப்பது என்று சிலர் குதர்க்கமாகக் கேட்கிறார்கள். கட்டிலுக்கடியில் பாய் விரித்திருக்கும் நோயாளியின் அத்தை பார்க்கிறார். பட்டமில்லாததால் அவர் எங்கும் போகமாட்டார். அவருடைய அனுபவத்தை மதித்து எம்.எஸ்சி. இடம் கொடுக்க மட்டும் யாரும் கிளம்பிவிடக் கூடாது.