எழுபது வளைவு ஏறி வந்த தொந்தி

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. மூச்சு வாங்குது பாரு. ஆகாய கங்கை அருவிக்கு எறங்கிட்டா வந்தே? ஆயிரத்துக்கு மேல படியாச்சே. கையில கட்டியிருக்கற கடியாரம் எத்தனை அடி வெச்சேன்னு சொல்லுமாமே? ஏன், உன் மொழங்கால் சொல்லாதா? ஏறி வந்ததும் ரெண்டு பிளேட்டு பஜ்ஜி தின்னியே, அதையும் கணக்கு வெச்சுதா? மேல முடவாட்டுக்கால் கெழங்கு சூப்பு வேற. கால் வலிக்கு நல்லதுன்னு எவனோ சொல்லியிருப்பான். நல்லதுதான் கண்ணு, விக்கறவனுக்கு.

எதோ கூட்டு முயற்சின்னு சொன்னியே? ஊரே ஒண்ணு கூடி உடம்பைக் கொறைக்கணும்னு? மொதல்ல மீட்டிங்கு போடுவீங்க. மீட்டிங்குன்னா டீ வேணும். டீக்குக் கிரீம் பிஸ்கட்டு வேணும். தீர்மானமும் நிறைவேறும், தட்டும் காலியாகும்.

2025 பிப்ரவரியில பிரதமரு ரேடியோவுல பேசினாரு. எண்ணெயில பத்துல ஒரு பங்கைக் கொறைங்கன்னாரு. பத்துப் பெரிய மனுசங்களை நியமிச்சு, ஆளுக்கு இன்னும் பத்துப் பேரைச் சேக்கச் சொன்னாரு. எங்க காலத்துல இப்படித்தான் ஒரு கடுதாசி வரும். பத்துப் பேருக்கு எழுதிப் போடாட்டி ரத்தம் கக்கிருவேன்னு இருக்கும். நான் எழுதலை. இன்னும் கக்கலை.

ஆனா நக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். சர்க்காரு எடுத்த கணக்கு ஒண்ணு இருக்கு. 2015-16ல நம்ம தமிழ்நாட்டுல 100 பொம்பளைங்கள்ல 31 பேருக்கு எடை சாஸ்தி. 2019-21ல அது 40. ஆம்பளைங்க 28ல இருந்து 37. அஞ்சு வருசத்துல இத்தனை பேருக்கு ஒண்ணா நாக்கு நீண்டு போச்சா? அப்ப தனியா ஒருத்தனைப் புடிச்சு ‘வாயைக் கட்டுடா’ன்னு திட்டி என்னத்துக்காகும்? தெரு மொனைக்கு மொனை பேக்கரியைத் தொறந்தது யாரு? மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல ஆரம்பிச்சாங்க. மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல காரியம். பட்டணத்துல பரோட்டாவும் வீட்டுக்கே வருதே! எவன் மொதல்ல கதவைத் தட்டறான்னு பாத்துக்க.

எங்க கொல்லிமலையில அந்தக் காலத்துல தொந்தி வெச்ச ஆளை வெளக்குப் புடிச்சுத் தேடணும். அறிவாளிங்கன்னு நெனைச்சுக்காதே. இல்லாமைதான் பாதி. சாமை, கேவுரு, தினை வெளைஞ்சுது, அதைத் தின்னோம். நெல்லுச் சோறு நோம்பிக்குத்தான். சாமையைச் சோறாக்கறது என்ன லேசா? கெட்டி உமி கண்ணு. ஒரல்ல போட்டு ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஒலக்கை போடணும். மொறத்துல கொழிக்கணும், மறுபடி குத்தணும். எங்காத்தா உள்ளங்கையைத் தொட்டா மரப்பட்டை மாதிரி இருக்கும். ஆம்பளைங்க நாங்க என்ன பண்ணினோம்? ‘சோறு இன்னும் ஆகலியா’ன்னு கேட்டோம்.

அப்புறம் குச்சிக்கிழங்கு வந்துச்சு. சேகோ மில்லுக்குப் போட்டா கையில காசு. ரேசன்ல அரிசி. குத்த வேண்டாம், கொழிக்க வேண்டாம். ஆத்தா ஒலக்கையை மூலையில சாத்திட்டா. அதைத் தப்புன்னு சொல்ல நீ யாரு, நான் யாரு? 2023ஐச் சிறுதானிய வருசம்னு ஐநா சபை அறிவிச்சதும் பட்டணத்துல ஆளாளுக்குப் ‘பாரம்பரியம், பாரம்பரியம்’னாங்க. ஒருத்தன் கூட ஒலக்கையைத் தூக்கிப் பாக்கலை.

1990கள்ல சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க மலைக்கு வந்தாங்க. சாமை தின்னுங்கன்னு பிரசங்கம் மட்டும் பண்ணியிருந்தா, மோரு குடுத்து அனுப்பி வெச்சிருப்போம். அவங்க ஊருக்குள்ளயே விதையைச் சேத்து வெக்க ஏற்பாடு பண்ணினாங்க. பின்னால உமி நீக்கற மிசினைக் கொண்டாந்தாங்க. பொம்பளைங்க குழுவாச் சேந்து மாவாக்கிப் பாக்கெட்டுப் போட்டு வித்தாங்க. அரை நாள் ஒலக்கை வேலை கொஞ்ச நேரத்துல முடிஞ்சா எவ வேண்டாம்பா? கூட்டு முயற்சின்னா அதைச் சொல்லு, கேக்கறேன். மலையே சாமைக்குத் திரும்பிருச்சான்னு மட்டும் கேக்காதே. போற வழியில குச்சிக்கிழங்குக் காட்டைப் பாப்பே.

2023 நவம்பர்ல மாவட்டத்துக்கு ஒண்ணா 8 கிலோமீட்டர் நடைபாதை வெச்சாங்களே, அதையும் சும்மா சொல்லக் கூடாது. ‘நட’ன்னு சொல்றவன் நடக்க எடம் காட்டணுமில்ல? அந்த எடத்துக்கு நீ கார்ல போயி எறங்கினா, அது உன் சமத்து.

சரி, பொழுது சாயுது. எழுபது வளைவு எறங்கணும், கெளம்பு. என்ன பாக்கறே, இந்த டப்பாவையா? சுகரு மாத்திரை. எனக்குத்தான். ரேசன் அரிசி எனக்கும் இனிக்கத்தானே செய்யும்? அடிவாரத்துல காரவள்ளியில சூடா வடை போடுவாங்க. அடுத்த மொறை வரப்ப ரெண்டு வாங்கியாந்திரு. மருமக கண்ணுல படாம மடியில முடிஞ்சு கொண்டா.